மோர்மன் நாட்டார் கதைகளின் விசித்திர உயிர்கள்: எதைச் சிரித்துச் சொல்கிறார்கள், எதைக் குரல் தாழ்த்திச் சொல்கிறார்கள்?

பழைய ஏடு எழுதியது:

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலும் அதையொட்டிய ஐடஹோவின் தென்பகுதியிலும் 1847 முதல் குடியேறி வாழ்ந்துவரும் மோர்மன்களின் வாய்மொழிக் கதைகளை அண்மைக்காலமாக வாசித்து வருகிறேன். அவற்றில் வரும் விசித்திர உயிர்களைப் பற்றி இங்கே விவாதிக்கலாம் என்று எண்ணியே இந்த இழையைத் தொடங்குகிறேன். இயேசு கிறிஸ்துவின் பெயரிலேயே தங்கள் சபையை அழைக்கும் இம்மக்கள், பைபிளோடு சேர்த்து 1830-இல் பல்மைராவில் அச்சான மோர்மன் நூலையும் வேதமாகக் கொண்டவர்கள். ஆகவே அவர்களுடைய நாட்டார் கதைகளில் இரண்டு வகை உயிர்கள் நடமாடுகின்றன: ஏரியிலிருந்தும் மலையிலிருந்தும் வந்தவை ஒரு வகை, வேதத்தின் பக்கங்களிலிருந்து இறங்கி வந்தவை மற்றொரு வகை.

என்னை வியக்க வைத்தது, ஒரே குடும்பத்தார் ஒரே திண்ணையில் அமர்ந்து இவ்விரு வகைகளையும் முற்றிலும் வேறு குரல்களில் சொல்லியிருப்பதுதான். பேர் என்னும் ஏரியின் பூதப்பாம்பைப் பற்றிச் சொல்லும்போது கண் சிமிட்டுகிறார்கள். சாவில்லாமல் பூமியில் திரியும் மூன்று நேபியரைப் பற்றிச் சொல்லும்போது தேவாலயத்தில் சாட்சி சொல்வதைப் போலப் பேசுகிறார்கள். பைபிளில் தம்பி ஆபேலைக் கொன்று சபிக்கப்பட்ட காயீனைப் பற்றிச் சொல்லும்போது பிள்ளைகள் பயந்து போர்வைக்குள் ஒடுங்கும்படி சொல்கிறார்கள். ஓர் உயிருக்கு வேதத்தில் வேர் இருக்கிறதா இல்லையா என்பதே அதை நம்பிச் சொல்வதா, நகைத்துச் சொல்வதா என்பதைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் தயங்காமல் எழுதுங்கள்.

சால்ட்லேக் வாசி எழுதியது:

ஐயா, நான் வேலை நிமித்தம் யூட்டாவில் குடியிருப்பவன். மோர்மன் அல்லன், ஆனால் அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் அவர்கள்தாம். பேர் ஏரியைப் பற்றி முதலில் நான் எழுதுகிறேன்.

யூட்டா, ஐடஹோ எல்லைக்கோடு ஏரியின் நடுவே ஓடுகிறது. நீரில் கரையாமல் மிதக்கும் சுண்ணாம்புத் துகள்களால் வெயில் நேரத்தில் ஏரி முழுவதும் மயில்கழுத்து நிறத்தில் ஒளிரும். ஆழம் 200 அடிக்குச் சற்று மேல். உலகில் வேறெங்கும் இல்லாத நான்கு வகை மீன்கள் இதில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றான சிஸ்கோ, சனவரி மாதக் கடுங்குளிரில் முட்டையிடக் கரையோரம் கூட்டமாக வரும். மக்கள் பனிக்கட்டியை உடைத்து, கைவலையால் அள்ளிக் கொள்வார்கள். இப்படி விசித்திரமான நீர்நிலையில் விசித்திரமான விலங்கு ஒன்றும் இருக்கக்கூடும் என்று யாரையும் எளிதாக நம்ப வைத்துவிடலாம்.

1868 கோடையில் அதைத்தான் செய்தார் ஜோசப் சி. ரிச். இவர் அப்பள்ளத்தாக்கில் குடியேற்றத்தை நடத்திய, சபையின் உயர்தலைவர்களான அப்போஸ்தலருள் ஒருவரான சார்லஸ் சி. ரிச்சின் மகன். சபையின் நாளேடான டெசரட் நியூசுக்கு அவர் எழுதிய கடிதத்தில், பாம்பைப் போன்ற உடலும் 18 அங்குலம் அளவுள்ள குட்டைக் கால்களும் கொண்ட ஒரு விலங்கு ஏரியில் உண்டென்றும், அது சில வேளைகளில் கரையேறிச் சிறிது தூரம் ஊர்ந்து வரும் என்றும், வாயிலிருந்து நீரை மேல்நோக்கிப் பீய்ச்சும் என்றும் பழங்குடியினர் சொல்வதாகக் குறிப்பிட்டார். அதோடு நிற்காமல் உள்ளூர்க்காரர்கள் பலரைப் பெயர் சொல்லிச் சாட்சிகளாக நிறுத்தினார். ஒருவர் தாம் கண்ட உடலின் நீளம் 90 அடிக்குக் குறையாது என்று சொன்னதாகவும், குதிரை நிலத்தில் ஓடுவதைக் காட்டிலும் வேகமாக அது நீந்தியதாகவும் எழுதினார்.

பிறகு நடந்ததுதான் சுவையானது. ஃபினியஸ் குக் என்ற குடியேறி அதைப் பிடிக்க ஒரு திட்டம் வகுத்தார்: பெரிய முள்தூண்டில், அதோடு 20 அடிக் கம்பிவடம், அதன்பின் ஓரங்குலப் பருமனுள்ள 300 கசக் கயிறு, கயிற்றின் முனையில் மிதவை, மிதவையின் மேல் ஒரு கம்பத்தில் அமெரிக்கக் கொடி. சபைத் தலைவர் பிரிகாம் யங்கே இந்தப் பணிக்காக ஐடஹோவின் பாரிஸ் ஊருக்குக் கயிறு அனுப்பினார் என்பது இன்றும் சொல்லப்படும் செய்தி. பூதம் சிக்கவில்லை. கால் நூற்றாண்டு கழித்து ரிச் தாமே அது முதல்தரமான பொய் என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதால் கதை சாகவும் இல்லை. இன்று கார்டன் சிட்டியில் ராஸ்பெர்ரி ஷேக் விற்கும் கடைகளில் அதன் படம் போட்ட பனியன் தொங்குகிறது. ஆகஸ்டில் நடக்கும் ராஸ்பெர்ரித் திருவிழாவுக்கு வரும் குழந்தைகள் அதைப் பார்த்துப் பயப்படுவதில்லை, அதோடு நின்று படம் எடுத்துக்கொள்ளவே ஓடுகிறார்கள்.

தேவகி ரா. எழுதியது:

சால்ட்லேக் வாசியின் பதிவு அருமை. ஆனாலும் ரிச்சின் கடிதத்தை வெறும் குறும்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. கடிதம் வெளியான ஆண்டைக் கவனியுங்கள். மறு ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி, பேர் ஏரியிலிருந்து வெகுதூரமில்லாத புரொமான்டரி மேட்டில் கண்டம் கடக்கும் ரயில்பாதையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. அதுவரை மலைகளுக்கு நடுவே ஒதுங்கி வாழ்ந்த சமூகத்துக்குள், அவர்களிடையே அன்றிருந்த பலதார மணத்தைக் கண்டு முகம் சுளிக்கும் வெளியுலகம் ரயிலேறி வரப்போகிறது. அந்த வேளையில் சபையின் பத்திரிகையிலேயே, ஓர் அப்போஸ்தலரின் மகன், முகத்தில் சிரிப்பே காட்டாமல் இப்படி ஒரு கதையை எழுதுகிறார். கிழக்கத்திய நகரத்துப் பத்திரிகைக்காரன் இதை நம்பினாலும் அவன் முட்டாள், மோர்மன்கள் நம்புகிறார்கள் என்று எண்ணி ஏளனம் செய்தாலும் அவன் முட்டாள். எப்படியும் உள்ளிருப்பவர்களுக்கே வெற்றி. மேற்கு அமெரிக்காவின் குடியேறிகள் அனைவருமே புளுகுக் கதைகளில் தேர்ந்தவர்கள்தாம். ஆனால் இவர்களுக்கு அந்தப் புளுகு ஒரு வேலியாகவும் பயன்பட்டது என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் பழைய ஏடு அவர்கள் விளக்க வேண்டும். நீருக்கும் தீமைக்கும் தொடர்பு உண்டு என்பது மோர்மன் வேதத்திலேயே இருக்கிறதே? 1831 ஆகஸ்டில் மிசூரி ஆற்றில் பயணம் செய்தபோது, நீரின் மேல் அழிப்பவன் ஏறிச் செல்வதை வில்லியம் ஃபெல்ப்ஸ் கண்டார் என்றும், அதையொட்டிச் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்துக்குக் கிடைத்த வெளிப்பாட்டில் கடைசி நாட்களில் நீர்நிலைகள் சபிக்கப்பட்டன என்று கூறப்பட்டது என்றும் படித்திருக்கிறேன். அப்படியானால் ஏரிப் பூதத்துக்கும் வேதத்தில் வேர் இருக்கிறது. உங்கள் பிரிவினை அங்கேயே ஆட்டம் காண்கிறது.

பழைய ஏடு எழுதியது:

நல்ல கேள்வி, தேவகி அம்மா. அந்த வெளிப்பாடு ஒரு நாட்டார் வழக்கத்தைத் தோற்றுவித்தது உண்மை: ஊழியத்துக்கு அனுப்பப்படும் இளைஞர்கள் நீந்தக் கூடாது என்ற விதிக்கு, நீரைச் சாத்தான் ஆளுகிறான் என்று காரணம் சொல்லும் கதைகள் அவர்களிடையே நிறைய உலவுகின்றன. மூழ்கிப் போவார்களே என்ற சாதாரணமான கவலையே அவ்விதிக்குப் போதுமானது என்றாலும், சாத்தானைச் சேர்த்தால் பத்தொன்பது வயதுப் பையன்களிடம் விதி நன்றாக நிற்கும்.

ஆனால் ஏரிப் பூதக் கதைகளில் இந்த வெளிப்பாட்டை யாரும் இழுத்துப் பேசுவதில்லை என்பதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1877 ஜூலையில் பெரிய உப்பு ஏரியின் வடகரையில், உப்பளத் தொழிலாளர்கள் ஒரு விலங்கைக் கண்டு அலறியடித்து மலைச்சரிவில் ஏறி, விடியும் வரை புதருக்குள் பதுங்கியிருந்தார்கள். முதலையின் உடலும் குதிரையின் தலையும் கொண்டது அது என்று சொன்னார்கள். மீன்கூட வாழ முடியாத உப்புநீர் அது. அங்கே உயிரோடிருப்பவை உவர்நீர்ச் சிற்றிறால்களும் உப்பு ஈக்களும்தாம். அப்பேர்ப்பட்ட நீரிலிருந்து ஒரு முதலை எழுந்து வந்தது என்றபோதும், சபிக்கப்பட்ட நீர் என்றோ அழிப்பவன் என்றோ யாரும் உபதேசம் செய்யவில்லை; பத்திரிகைகள் அதை வேடிக்கைச் செய்தியாகவே சுமந்தன. வேதத்தில் இடம் கொடுக்க வாய்ப்பிருந்தும் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த விலங்குகளை விளையாட்டுக்கென்றே ஒதுக்கி வைத்துக்கொண்டார்கள் போலும்.

எழிலன் எழுதியது:

நேபியரைப் பற்றி இதுவரை யாரும் விரிவாக எழுதவில்லை. உயிர்கள் என்ற தலைப்பில் அவர்களைச் சேர்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். மனித உருவில் இருந்தாலும் மனித இயல்பு மாற்றப்பட்டவர்கள் என்பதால் சேர்க்கலாம் என்றே நினைக்கிறேன்.

மோர்மன் நூலின்படி, உயிர்த்தெழுந்த கிறிஸ்து அமெரிக்கக் கண்டத்துக்கு வந்து, அங்கே வாழ்ந்த நேபியர் என்ற மக்களுள் பன்னிருவரைச் சீடர்களாகத் தேர்ந்தார். விடைபெறும் முன் அவர்கள் விருப்பத்தைக் கேட்டபோது, ஒன்பது பேர் தங்கள் ஆயுள் முடிந்ததும் அவரிடம் விரைந்து சேர வேண்டும் என்றார்கள். மற்ற மூவர் வாய்திறந்து சொல்லத் துணியாமல் நின்றார்கள். அவர் மீண்டும் வரும்வரை பூமியிலேயே இருந்து ஊழியம் செய்ய வேண்டும் என்பதே அவர்கள் மனத்தில் இருந்தது. அது அருளப்பட்டது. சூளையில் எறியப்பட்டாலும் வேகமாட்டார்கள், கொடிய விலங்குகளின் குகையில் தள்ளப்பட்டாலும் குழந்தை ஆட்டுக்குட்டியோடு விளையாடுவதைப் போல விளையாடுவார்கள். மக்களிடையே நடமாடுவார்கள், மக்கள் அவர்களை அறியமாட்டார்கள். நூலை எழுதியவர் அவர்கள் பெயரை எழுதப்போன வேளையில் ஆண்டவர் தடுத்துவிட்டார் என்றும் அந்த அதிகாரம் சொல்கிறது. நாட்டார் கற்பனைக்கு இதைவிடத் திறந்த கதவு எங்கே கிடைக்கும்? பெயரில்லாத, அடையாளம் தெரியாத மூவர், உலகம் முடியும்வரை எந்த வாசலிலும் வந்து நிற்கலாம்.

குடியேற்றக் காலத்துக் கதைகளில் அவர்கள் பெரும்பாலும் பசித்து வரும் வெண்தாடிக் கிழவர்கள். கணவன் வெளியூர் போயிருக்க, வீட்டில் கடைசி ரொட்டி மட்டுமே இருக்க, அதையும் ஒரு பெண் வந்தவருக்குக் கொடுப்பாள்; அவர் இந்த வீட்டில் இனி மாவுக்குக் குறைவிராது என்று வாழ்த்திவிட்டுப் போவார். அவள் வாசலுக்கு வந்து பார்ப்பதற்குள் ஆள் இருக்கமாட்டார், பனியில் காலடித் தடமும் இராது.

காலம் மாற மாற மாவுப்பெட்டி போய்க் குடும்ப வரலாறு வருகிறது. மரித்த முன்னோருக்காக ஆலயத்தில் ஞானஸ்நானம் பெறுவது இவர்களுக்குத் தலையாய கடமை. அதற்கு முன்னோரின் பெயர்கள் வேண்டும். 1884 மே 17-ஆம் தேதி லோகன் நகரத்து ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. மறுநாள் அவ்வூரின் ஆயரான ஹென்றி பல்லார்டின் மகளிடம் முதியவர் இருவர் ஒரு செய்தித்தாளைக் கொடுத்து, உன் தந்தையிடம் மட்டுமே இதைச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிச் சென்றார்களாம். அது இங்கிலாந்தின் நியூபரி ஊர்ப் பத்திரிகை. தேதி மே 15. கடல் கடந்து கண்டத்தின் பாதியையும் கடந்து மூன்றே நாளில் எந்த அஞ்சலும் அந்நாளில் வந்து சேர்ந்திருக்க முடியாது. உள்ளே, பல்லார்டின் சொந்த வட்டாரத்துக் கல்லறைகளிலிருந்து எடுத்த பெயர்களும் தேதிகளும் அச்சாகியிருந்தன. கொடுத்தவர்கள் நேபியர் என்று பலர் சொல்கிறார்கள். மனிதர்கள் மறைந்துவிட்டார்கள், ஆனால் தாள் கையில் இருந்தது. இந்தக் கதையின் பிடிப்பே அதில்தான் இருக்கிறது.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதே நேபியர் நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி ஏறிக்கொள்கிறார். ஓராண்டுக்கான உணவைச் சேமித்து வையுங்கள், காலம் நெருங்கிவிட்டது என்று பின்னிருக்கையிலிருந்து எச்சரிக்கிறார். திரும்பிப் பார்த்தால் இருக்கை காலி. உணவுச் சேமிப்பு என்பது சபை தன் மக்களுக்கு வலியுறுத்தி வந்த அறிவுரை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் நாட்டாரியல் கற்பித்த வில்லியம் ஏ. வில்சன், நகர வாழ்க்கைக்கு ஏற்ப இக்கதைகள் இடம் மாறியதை 1980-களில் விளக்கினார். அவர் மோர்மன் மரபுக்குள்ளேயே வளர்ந்தவர் என்பதால், நம்புபவரின் குரலைக் கேலி செய்யாமல் ஆராய அவரால் முடிந்தது.

ஐயம் எழுதியது:

எழிலன் அவர்களே, காரில் ஏறி மறையும் பயணி உலகம் முழுவதற்கும் பொதுவான கதை அல்லவா? அமெரிக்காவில் 1940-களிலேயே அதை நாட்டாரியலாளர்கள் திரட்டிவிட்டார்கள். அதைப் பரவலாக அறியச் செய்த யான் ஹெரால்ட் புருன்வாண்ட் பணியாற்றியதே யூட்டா பல்கலைக்கழகத்தில்தான். சாவில்லாமல் அலைபவர் என்ற உருவமும் ஐரோப்பாவின் அலையும் யூதன் கதையில் இடைக்காலம் முதலே உண்டு. ஊர்ப்பொதுக் கதைக்கு நேபியர் என்று பெயர் ஒட்டியதைத் தவிர மோர்மன்கள் இதில் சேர்த்தது என்ன?

எழிலன் எழுதியது:

சேர்த்தது நிறைய. அலையும் யூதன் சாபத்தால் அலைகிறான், ஓய்வுக்கு ஏங்குகிறான். நேபியர் தாங்களே கேட்டுப் பெற்ற வரத்தால் அலைகிறார்கள், வேலைக்கு ஏங்குகிறார்கள். மற்ற இடங்களில் காரில் மறையும் பயணி பெரும்பாலும் அதே சாலையில் செத்துப்போன பெண்ணின் ஆவி. அவளால் ஓட்டுநருக்குத் திகில் மட்டுமே மிச்சம். நேபியரோ ஒரு கடமையை நினைவூட்டிவிட்டுப் போகிறார்: பசித்தவனுக்குச் சோறு போடு, முன்னோர் பெயரைத் தேடு, மூட்டையை நிரப்பி வை. கடமை வந்தவுடனே கதையைச் சொல்லும் இடமும் மாறிவிடுகிறது. அது முகாமின் நெருப்போரத்தைவிட்டு, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நோன்பிருந்து சாட்சி பகரும் கூட்டத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தேவகி ரா. எழுதியது:

இனிக் காயீன். இதைச் சுற்றிவளைத்துப் பேசக் கூடாது என்பதால் நேராகவே எழுதுகிறேன்.

1835-இல் டென்னசியில் ஊழியம் செய்துகொண்டிருந்த அப்போஸ்தலர் டேவிட் பேட்டன், கோவேறு கழுதையில் தனியே வந்துகொண்டிருந்தபோது ஒரு விசித்திர மனிதன் கூடவே நடந்து வந்ததாகச் சொன்னாராம். கழுதை மேல் அமர்ந்திருந்த பேட்டனின் தோளுயரத்துக்கு அவன் தலை இருந்தது; ஆடையில்லை, உடலெல்லாம் மயிர், தோல் மிகக் கறுப்பு. எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்டதற்கு, எனக்கு வீடில்லை, பூமியில் அலைபவன், சாவைத் தேடியும் கிடைக்கவில்லை, மனித ஆன்மாக்களை அழிப்பதே என் வேலை என்று அவன் பதில் சொன்னான். பேட்டன், சபை ஆண்களுக்கு அளிக்கும் ஆசாரியத்துவம் என்ற ஆன்மிக அதிகாரத்தின் வல்லமையால் கடிந்துகொள்ள, அவன் மறைந்தான். பேட்டன் 1838-இல் மிசூரியில் நடந்த மோதலில் கொல்லப்பட்டார். கதை நமக்குக் கிடைப்பது, பல பத்தாண்டுகள் கழித்து ஆபிரகாம் ஸ்மூட் நினைவிலிருந்து எழுதி, 1900-இல் பேட்டனின் வாழ்க்கை வரலாற்றில் அச்சான கடிதத்தின் வழியாகவே.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று பாருங்கள். கறுப்பினத்தார் காயீனின் வழிவந்தவர்கள் என்ற, அமெரிக்கப் புராட்டஸ்டன்டுகளிடையே ஏற்கெனவே புழங்கிய எண்ணத்தைக் காரணம் காட்டி, கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் இல்லை என்று 1852-இல் பிரிகாம் யங் வெளிப்படையாக அறிவித்தார். எனவே 1900-இல் இந்தக் கதையைப் படித்த மோர்மனுக்கு அந்த உருவத்தின் கறுப்புத்தோல் ஓர் அலங்காரச் செய்தி அல்ல. ஒரு விதிக்கான சாட்சி. ஆசாரியத்துவம் உடையவர் சொல்ல, ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டவர்களின் மூதாதை ஓடுகிறான். 1969-இல் ஸ்பென்சர் கிம்பல் தம் நூலில் இக்கடிதத்தை மறுபடி அச்சிட்டார், அதன் வழியே கதை வீட்டுக்கு வீடு போனது. அதே கிம்பல்தான் சபைத் தலைவராக இருந்து 1978 ஜூனில் அந்தத் தடையை நீக்கினார்.

தடை நீங்கியபின் கதைக்கு என்ன ஆயிற்று என்பதே எனக்கு மிகவும் வியப்பூட்டும் பகுதி. 1980-இல் யூட்டாவின் சவுத் வீபரில் பிக்ஃபுட்டைக் கண்டதாகச் செய்திகள் வந்தன. பெரிய உருவம், உடலெல்லாம் மயிர், பேச ஆளில்லாத காடு. பேட்டன் கண்ட காயீன்தான் இந்தப் பிக்ஃபுட் என்று மக்கள் முடிச்சுப் போட்டார்கள். பிக்ஃபுட் என்ற பெயரே 1958-இல் கலிபோர்னியாவில் பிறந்தது. ஆக, 1835-இன் காயீனுக்கு 1958-இன் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. மேத்யூ போமன் 2007-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்த மாற்றத்தைப் பின்தொடர்கிறது. என் வாசிப்பு இது: இனத்தின் மூதாதை என்று காயீனைச் சொல்ல முடியாமல் போனபோது, விலங்காகச் சொல்வது வசதியாயிற்று. பழி மறைந்துவிடவில்லை, மயிருக்குள் ஒளிந்துகொண்டது.

சால்ட்லேக் வாசி எழுதியது:

தேவகி அம்மா சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. 2013-இல் சபை தன் இணையதளத்தில் வெளியிட்ட கட்டுரையில், கறுப்புத்தோல் தெய்வ வெறுப்பின் அடையாளம் அல்லது சாபம் என்ற பழைய விளக்கங்களைக் கைவிடுவதாகத் தெளிவாகவே எழுதிவிட்டது. ஆனால் வாய்மொழிக் கதைக்கு யார் சுற்றறிக்கை அனுப்ப முடியும்? எனக்குத் தெரிந்த ஒரு நண்பர், தம் பன்னிரண்டு வயதில் மலை முகாமில் இந்தக் காயீன் கதையைக் கேட்டதாகவும், அதில் தோல் நிறம் என்ற பேச்சே வரவில்லை, கூடாரத்துக்கு வெளியே கேட்கும் காலடி ஓசைதான் கதை முழுவதும் என்றும் சொன்னார். பழி ஒளிந்துகொண்டது என்பது ஒரு கோணம். கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பழி வந்து சேரவே இல்லை என்பது மறுகோணம். இரண்டும் ஒரே கதையில் சேர்ந்தே இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

யானைக்கால் எழுதியது:

குரெலோம், குமோம் இரண்டையும் ஒருவரும் தொடவில்லையே! மோர்மன் நூலில் யாரேதியர் என்ற பழம்பெரும் கூட்டத்தார் வளர்த்த கால்நடைகளின் பட்டியலில் குதிரை, கழுதை, யானையோடு இவ்விரண்டும் வருகின்றன. மனிதருக்கு மிகவும் பயன்பட்டவை என்றும் சொல்லப்படுகிறது. எப்படி இருக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. மாமத யானை என்பார் உண்டு, லாமா என்பார் உண்டு; ஞாயிற்றுப் பள்ளிப் பிள்ளைகள் நான்கு கொம்பும் ஆறு காலும் போட்டு வரைவார்கள். பழைய ஏடு அவர்களின் கோட்பாட்டுப்படி வேதத்தில் வேருள்ள உயிரைச் சிரித்துச் சொல்லக் கூடாது. இங்கோ வேதத்தின் நடுப்பக்கத்திலிருந்தே சிரிப்பு வருகிறது.

பழைய ஏடு எழுதியது:

யானைக்கால் அவர்களின் பதிவு கோட்பாட்டைக் கூர்மையாக்குகிறது. வேதத்தில் இருப்பது மட்டும் போதாது, அந்த உயிர் இன்றைய மனிதனிடம் வந்து ஏதாவது கேட்க வேண்டும். நேபியர் ரொட்டி கேட்கிறார், காயீன் ஆன்மாவைக் கேட்கிறான். குரெலோம் யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

இதே அளவுகோலில் கடற்பறவைகளையும் சேர்த்துப் பார்க்கலாம். 1848-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கின் முதல் விளைச்சலை, இன்று மோர்மன் வெட்டுக்கிளி என்றே அழைக்கப்படும் பறக்க முடியாத பூச்சிப்படை தின்று தீர்க்க வந்தபோது, கடற்பறவைகள் கூட்டமாக வந்து அவற்றை விழுங்கின என்பது அறியப்பட்ட கதை. அப்பறவைக்கு 1913-இல் ஆலயச் சதுக்கத்தில் தூண் எழுப்பினார்கள். அதைச் செதுக்கியவர் பிரிகாம் யங்கின் பேரன் மஹோன்றி யங். 1970-இல் வரலாற்றாசிரியர் வில்லியம் ஹார்ட்லி அக்காலத்து நாட்குறிப்புகளை ஆராய்ந்து, பயிர்ச்சேதம் அவ்வாண்டில் கணிசமாகவே இருந்தது என்றும், அற்புதமாக அந்நிகழ்ச்சி உருப்பெற்றது பின்னாளில்தான் என்றும் காட்டினார். பூச்சியும் பறவையும் உண்மையான உயிர்கள். வேதத்தில் இரண்டும் இல்லை. ஆனாலும் அந்தக் கதை குரல் தாழ்த்தியே சொல்லப்படுகிறது, ஏனெனில் அது நன்றியைக் கேட்கிறது.

நிலவன் எழுதியது:

இழை முழுவதையும் படித்தேன். மோர்மன்களின் குரலிலேயே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதால் ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ரிச்சின் 1868 கடிதம் பழங்குடியினர் சொல்கிறார்கள் என்றுதான் தொடங்குகிறது. அந்தப் பழங்குடியினர் ஷோஷோனி மக்கள். நீரில் இழுத்துக்கொள்ளும் உயிர்களைப் பற்றி, நீர்க்குழந்தைகளைப் பற்றி, ஷோஷோனி, யூட், பாயூட் மக்களிடம் அவர்களுக்கே உரிய கதைகள் உண்டு. அவை வேடிக்கைக்குச் சொல்பவை அல்ல, எந்த ஊற்றை எப்படி அணுக வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவை. ரிச்சின் கடிதத்தில், காட்டெருமைகள் பள்ளத்தாக்கைவிட்டு நீங்கியபின் பூதத்தையும் யாரும் பார்க்கவில்லை என்று பழங்குடியினர் சொல்வதாக ஒரு வரி வருகிறது. அந்த ஒரு வரியை மட்டும் நான் புளுகு என்று தள்ள மாட்டேன். காட்டெருமை போனபோது அம்மக்களின் உணவும் உடையும் கூடாரமும் சேர்ந்தே போயின.

1863 சனவரி 29 அன்று, பேர் ஆற்றின் கரையில், கர்னல் பேட்ரிக் கானரின் அமெரிக்கப் படை வடமேற்கு ஷோஷோனியரின் குளிர்கால முகாமைத் தாக்கி, பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் சார்லஸ் ரிச் பேர் ஏரிப் பள்ளத்தாக்கில் குடியேற்றத்தைத் தொடங்கினார். ஷோஷோனித் தலைவர் வாஷகியோடு அவர் செய்துகொண்ட உடன்பாட்டில், ஏரியின் தென்பகுதி பழங்குடியினருக்கே விடப்பட வேண்டும் என்பது ஒரு நிபந்தனை; அது நெடுநாள் நிற்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அவருடைய மகன், அதே மக்களின் பெயரைச் சாட்சியாக வைத்து, சிரிப்பதற்கு ஒரு பூதத்தை எழுதுகிறார். தேவகி அம்மா இந்தக் கதையை வெளியுலகத்துக்கு எதிரான வேலி என்றார். அந்த வேலி யாருடைய நிலத்தில் போடப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதையின் பண்பாட்டுப் பொருள் முழுமையாகும்.

தேவகி ரா. எழுதியது:

நிலவன் அவர்களுக்கு நன்றி. நீங்கள் குறிப்பிட்ட படுகொலை நடந்த இடத்தில் 500 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை 2018-இல் வடமேற்கு ஷோஷோனியரே விலைக்கு வாங்கிவிட்டார்கள். அயல்தாவரங்களை அகற்றிவிட்டு, பழைய மரஞ்செடிகளை நட்டு ஓடையைத் திருத்தும் பணியும் நடக்கிறது.

பழைய ஏடு அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லோகனில் உள்ள யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபைஃப் நாட்டாரியல் காப்பகத்தில் மோர்மன் கதைகள் பெருமளவில் இருக்கின்றன என்று அறிகிறேன். அங்கே பேர் ஏரியைப் பற்றி ஷோஷோனியர் தம் வாயால் சொன்ன கதைகள் இருந்தால், அவற்றையும் ரிச்சின் கடிதத்தையும் அருகருகே வைத்து, எந்தெந்த உறுப்பு எவருடையது என்று தனி இழையில் எழுதுங்கள். குட்டைக் கால்களையும் நீர் பீய்ச்சும் வாயையும் பற்றித்தான் எனக்கு முதல் ஐயம்.

பழைய ஏடு எழுதியது:

எழுதுகிறேன், அம்மா. குட்டைக் கால்கள் ரிச்சின் கைவேலை என்றே எனக்கும் படுகிறது. 18 அங்குலம் என்று அளவு சொல்லும் பழக்கம் தச்சருக்கும் கடைக்காரருக்கும் உரியது.